புயலுக்குப் பிறகு மலிவாக ஏற்காடு: என் பழைய குறிப்பு உட்படச் சில பயண வழிகாட்டிகளைப் பற்றி

2024 டிசம்பர் முதல் வாரம். பெங்களூரில் இருக்கும் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார்.

"நீ எழுதின குறிப்புல டிசம்பர் வார நாள்லதான் ஏற்காடு மலிவுன்னு போட்டிருக்க. இப்ப புயலால எல்லாரும் கேன்சல் பண்ணிட்டாங்க போல, ரூமெல்லாம் பாதி விலைக்குக் காட்டுது. ரோடு திறந்ததும் அடுத்த வாரமே கிளம்பிடலாமா? அம்மாவும் வர்றேங்கிறாங்க."

"பார்த்துட்டுச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். பார்க்க வேண்டியது மலையை அல்ல, என் குறிப்பை.

அது 2019-இல் எழுதியது. நான்கு பேர், இரண்டு நாள், குறைந்த செலவில் ஏற்காடு. நம் தொழில் புத்தி போகுமா, ஒரு அட்டவணையும் போட்டிருந்தேன். சேலத்திலிருந்து பஸ், அறை, சாப்பாடு, உள்ளூர் ஆட்டோ, பார்க்க வேண்டிய இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம், ஒவ்வொன்றுக்கும் ரூபாய். சேர்வராயன் கோயிலுக்கு நேராக எழுதியிருந்தது மூன்றே வாக்கியம்: 'கட்டணம் இல்லை. 20 நிமிடம் போதும். மேலிருந்து வியூ அருமை.' அதற்கு அடுத்த வரி இது: 'பெரிய மழை முடிந்த கையோடு போனால் கிளியூர் அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும், அறையும் மலிவு.'

அன்று இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுப் பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இப்போது படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அந்த வரியில் என்ன தப்பு, அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

புயல் எப்போது முடிந்தது?

முதலில் நாட்களை வரிசைப்படுத்திக்கொள்வோம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிவியில் 'புயல் கரையைக் கடந்தது' என்று ஓடிய பட்டியைப் பார்த்துவிட்டு, சேலம் பக்கம் இருந்த பலரும் 'அப்பாடா, போய்த் தொலைஞ்சது' என்றுதான் தூங்கப் போயிருப்பார்கள். நம் ஊரில் புயல் என்றால் கடலோரத்துக்காரர் பிரச்சினை.

ஆனால் அந்தப் புயல் கரையேறிய பிறகு வேகமாக ஓடிவிடவில்லை. வலுவிழந்துகொண்டே மெதுவாக உள்ளே வந்தது. மறுநாள் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வீட்டை மூடியதில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற ஊர் அது. ஏற்காட்டில் 20 செ.மீ.யைத் தாண்டியது. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்து நின்றது.

அதாவது, கடற்கரையில் புயல் முடிந்தது என்று அறிவித்த பிறகுதான் மலையில் அது தொடங்கியது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பயண வழிகாட்டிகளைப் படிக்க வேண்டும். நான் அந்த வாரம் உட்கார்ந்து இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளையும் வீடியோக்களையும் பார்த்தேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, என்னுடையதும் அதே அச்சு.

இரண்டே வகை

முதல் வகை 'போகாதீங்க'. சரிந்த மண்ணின் மேல் நின்று எடுத்த ஒரு வீடியோ, பின்னணியில் பதற்றமான இசை, 'ஏற்காடு துண்டிக்கப்பட்டது' என்ற தலைப்பு. எந்த வளைவு, எந்தச் சாலை, குப்பனூர் வழியா அடிவாரம் வழியா, என்றைக்கு எடுத்தது, ஒன்றும் இருக்காது. அதே வீடியோ மூன்று வாரம் கழித்தும் புதிதுபோலச் சுற்றும்.

இரண்டாவது வகை 'இப்பவே போங்க'. 'கூட்டமே இல்ல நண்பர்களே', 'ரூம் அடிமாட்டு விலை', 'அருவி சும்மா பொங்குது'. இதில் வரும் தகவல்கள் பெரும்பாலும் உண்மைதான். கூட்டம் இல்லை, விலை குறைவு, அருவியில் தண்ணீர். பொய் எதுவும் இல்லாமலே தப்பான முடிவுக்குக் கொண்டுபோகிற எழுத்து இது.

கிளியூர் அருவியையே எடுத்துக்கொள்வோம். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அந்த அருவிக்குப் போகிறது. அருவி பொங்குகிறது என்றால் ஏரி நிறைந்துவிட்டது. ஏரி நிறைந்திருக்கிறது என்றால் அதைச் சுற்றியுள்ள சரிவுகளின் மண்ணும் குடித்து முடித்துவிட்டது. இனி ஒரு சாதாரண மழை பெய்தாலும் தாங்க இடமில்லை. அருவியின் அழகும் பாதையின் ஆபத்தும் வேறு வேறு செய்திகள் இல்லை. ஒரே செய்தியை ஒரு கண்ணால் படித்தால் அருவி, இரண்டு கண்ணாலும் படித்தால் மலை. நான் 2019-இல் ஒரு கண்ணால் படித்திருக்கிறேன்.

இந்த அச்சு வந்த ஊர்

இந்த வகை எழுத்துக்குப் பூர்வீகம் கரீபியன் தீவுகள் என்று நினைக்கிறேன். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை உச்சம். கடற்கரை விடுதிகளின் விலை அப்போதுதான் விழும். ஆகவே 'புயல் பருவத்தில் மலிவாகப் போவது எப்படி', 'புயல் அடித்த பிறகு எந்தத் தீவுக்குப் போகலாம்' என்று அமெரிக்க வாசகர்களுக்கு ஆலோசனை சொல்வது அங்கே நீண்ட காலமாக நடக்கிறது. நாம் அந்த அச்சை எடுத்து, கடற்கரை இருந்த இடத்தில் மலையை ஒட்டிவிட்டோம்.

அந்த எழுத்திலும் உருப்படியான ஒரு விஷயம் உண்டு. 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு பெரும்புயல்கள் அடுத்தடுத்து வந்தன. 'கரீபியன் அழிந்தது' என்று செய்தி பரவி, புயல் தொடாத தீவுகளுக்கும் ஆட்கள் வராமல் போனார்கள். ஆன்டிகுவா - பார்புடா என்பது ஒரே நாடு, இரண்டு தீவு. செப்டம்பர் 6 அன்று இர்மா பார்புடாவைத் தரைமட்டமாக்கியது. தீவில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரையும் ஆன்டிகுவாவுக்கு வெளியேற்றினார்கள். அந்த ஆன்டிகுவாவிலோ சேதம் குறைவு. ஒரே நாட்டின் பெயர், ஒரே தலைப்புச் செய்தி. ஆனால் ஒரு தீவுக்குப் போவது அங்குள்ளவர்களுக்கு உதவி, இன்னொன்றுக்குப் போவது தொல்லை. நல்ல வழிகாட்டிகள் இதைப் பிரித்துச் சொன்னார்கள். 'கரீபியன் என்பது ஓர் ஊர் இல்லை, வரைபடத்தைப் பாருங்கள்' என்பதே அவர்களின் முதல் வரி.

ஆனால் அவர்களும் தடுமாறிய இடம் டொமினிகா. செப்டம்பர் 18 அன்று மரியா அதன் மேல் ஏறியது. டொமினிகா கடற்கரைக்குப் பேர்போன தீவு இல்லை. செங்குத்தான மலையும் காடும் அருவியும்தான் அங்கே. மலைச்சரிவுகள் இறங்கிச் சாலைகள் அறுந்தன. சேதத்தையும் இழப்பையும் கணக்கிட்டபோது அந்த நாட்டின் முந்தைய ஆண்டு மொத்த உற்பத்தியில் 226 சதவீதம் வந்தது. கடற்கரைத் தீவில் புயல் போய், வெயில் வந்து, குப்பையை வாரி, மின்சாரம் வந்தால் விருந்தாளியைக் கூப்பிடலாம். மலைத்தீவில் வெயில் வந்த பிறகும் சரிவு எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. மரியா அடித்த போர்ட்டோ ரிக்கோவில் கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பக் கிட்டத்தட்ட 11 மாதம் ஆனது. சொந்த ஜெனரேட்டர் வைத்திருக்கிற பெரிய ரிசார்ட் முதலில் எழுந்துவிடும். ஊர் கரண்டையும் ஊர்க் குழாயையும் நம்பியிருக்கிற நாலு அறை விடுதி கடைசியில்தான் எழும். மலிவுப் பயணி தேடுவது அந்த நாலு அறை விடுதியைத்தான். ஆக, மலிவுப் பயணத்துக்கான இடம் எப்போதும் கடைசியில்தான் தயாராகிறது. இதை ஒரு வழிகாட்டியும் முதல் பத்தியில் சொல்வதில்லை.

மலை கடற்கரை அல்ல

சேர்வராயன் மலை சார்னக்கைட் என்னும் கடினமான பாறையால் ஆனது. கடினம் என்றால் உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. வெயிலும் மழையும் காலங்காலமாகத் தின்றதில் பாறையின் விரிசல்கள் மண்ணாகிவிடும். நடுவில் கரையாத உருண்டைகள் மண்ணுக்குள் புதைந்து நிற்கும். சிவப்பு மாவில் கொண்டைக்கடலை போட்டுப் பிசைந்ததுபோல. காய்ந்திருக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் இறங்கி மண்ணின் எடை கூடி, பிடி தளர்ந்தால் கடலை உதிரும். கடலை என்றேன், சில கடலைகள் மாருதி ஆல்டோ அளவு இருக்கும்.

இதற்கு நடுவில்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு பாதை வெட்டியிருக்கிறோம். பாதை வெட்டுவது என்றால் சரிவின் பாதத்தை வெட்டுவது. மேலே உள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுத்திருந்ததை எடுத்துவிடுகிறோம். அதனால் முதலில் இறங்குவது பெரும்பாலும் பாதையோரம்தான். மழை நின்ற அன்றே இறங்க வேண்டும் என்றும் இல்லை. தண்ணீர் ஆழத்துக்குப் போக நேரம் எடுக்கும். அதனால் 'மழை விட்டாச்சு, வெயில் அடிக்குது, கிளம்பு' என்பது மெரினாவுக்குச் சரி. கொண்டை ஊசி வளைவுக்குச் சரியில்லை.

நான் பார்த்த இருபது சொச்சம் வழிகாட்டிகளில் ஒன்றுகூட 'கடைசிப் பெருமழைக்கும் உங்கள் பயணத்துக்கும் எத்தனை நாள் இடைவெளி?' என்று கேட்கவில்லை. எல்லாம் கேட்ட ஒரே கேள்வி, 'பட்ஜெட் எவ்வளவு?'

தள்ளுபடி யார் கணக்கில்?

ஏற்காட்டுக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்று ஒரு பட்டப்பெயர். எல்லா வழிகாட்டியிலும் இரண்டாவது வரியில் வந்துவிடும். என்னுடையதில் முதல் வரியிலேயே இருந்தது. இந்தப் பெயரை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஒரு மலைக்கு வைத்த பெயரா இது? இன்னொரு மலையோடு ஒப்பிட்டு ஒட்டிய விலைச்சீட்டு. ஏழைகள் என்பதும் யார்? கீழிருந்து ஏறிப்போகிற நம்மைத்தான் சொல்கிறது. மேலேயே இருக்கிற ஏழைகள் அந்தப் பெயரில் இல்லை.

புயல் தள்ளுபடியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, 3000 ரூபாய் அறை 1500 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்காரருக்கு வங்கித் தவணை, வரி, மின்சாரத்தின் நிலைக்கட்டணம் குறையாது. அவரால் உடனே குறைக்க முடிவது ஒன்றே ஒன்று: தினக்கூலி. அறை கூட்டும் பெண், துணி வெளுப்பவர், சமையல் உதவியாள். 'இந்த வாரம் வர வேண்டாம்' என்று ஒரு போன் போதும். நமக்குக் கிடைக்கும் 1500-இல் ஒரு பங்கு அந்தப் போனிலிருந்து வருகிறது.

இதை நானே யோசித்துக் கண்டுபிடித்துவிடவில்லை. பொங்கல் விடுமுறை கழிந்து ஒரு வார நாளில் நானும் மனைவியும் மேலே போனோம். பாதையோரம் சில இடங்களில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. சேர்வராயன் கோயில் பக்கம் ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை. கடைக்கார அம்மாவிடம், "புயலுக்கப்புறம் ரூமெல்லாம் வாடகை கொறச்சாங்களாமே, அப்ப கூட்டம் வந்துச்சாக்கா?" என்று கேட்டேன். அவர் எண்ணெயைப் பார்த்தபடியே சொன்னார்:

"ரூமுதாங்க கொறச்சாங்க. எண்ணெ கொறையலையே. எம் மருமவ ரூமு கூட்டற வேலைக்குப் போறவ, மூணு வாரம் வூட்லதான் இருந்தா. காப்பிப் பழம் பறிக்கப் போலாம்னா அதுவும் மழைல கொட்டிப்போச்சு."

காபி அறுவடைக் காலம் அது. டிசம்பர், ஜனவரியில்தான் இங்கே பழம் பழுத்து வரும். பெருமழையில் பழுத்த பழம் வெடிக்கும், உதிரும். பறித்ததைக் களத்தில் காயவைக்கவும் முடியாது. அதாவது சுற்றுலா வேலை போனால் தோட்ட வேலை, தோட்ட வேலை போனால் சுற்றுலா வேலை என்று மாறி மாறிப் பிழைக்கிற வீட்டில், இரண்டும் ஒரே வாரத்தில் நின்றுபோனது. என் அட்டவணையில் அந்த வாரத்துக்குப் பெயர் 'சீப் சீசன்'.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நண்பர் போனில் கேட்டபோதே ஒரு முன்பதிவுத் தளத்தில் பணத்தைக் கட்டிவிட்டார் என்பதைப் பிறகுதான் சொன்னார். மிகக் குறைந்த விலை எது என்றால், ரத்து செய்தால் பணம் திரும்பாத விலை. மழைக்காலத்தில், சரிந்த மலைக்கு, பணம் திரும்பாத அறை. யோசித்துப் பாருங்கள். நாளைக்கு மறுபடி ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் சாதாரணமாக வீட்டில் இருந்துவிடுவோம். பணம் கட்டியவர் 'போய்த்தான் பார்ப்போமே' என்று கிளம்புவார். தள்ளுபடி என்று நாம் நினைப்பது உண்மையில் நம்மை மழையில் மலையேற வைக்கிற ஒப்பந்தம். வழிகாட்டிகள் இந்த விலையைத்தான் பச்சை எழுத்தில் காட்டுகின்றன.

இருபது நிமிடக் கோயில்

ஒரு வழிகாட்டியை நம்பலாமா என்று பார்க்க நான் இப்போது வைத்திருக்கும் சோதனை, அது சேர்வராயன் கோயிலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது.

ஏற்காட்டு மலைத்தொடரின் பெயரே இந்தச் சாமியின் பெயர். ஆங்கிலேயர் வாயில் அது 'ஷெவராய்' ஆனது. மேலே மொட்டையான சமதளம், அதில் குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை, உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகைக்கும் காவிரிக்கும் தொடர்பு உண்டு என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுமலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் மலையாளிகள் வருவார்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு.

வழிகாட்டிகளில் இது 'வியூ பாயின்ட்'. முக்கால்வாசியில் இந்த மலையில் ஆட்கள் வாழ்கிறார்கள் என்ற தடயமே கிடையாது. அதன் விளைவு என்ன என்றால், 'ரோடு ஓப்பன்' என்று எழுதும்போது அவர்கள் சொல்வது சேலம் ரோடு மட்டும். நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோ பாதை என்ன ஆனது, அங்கிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்ற கேள்வி அந்த எழுத்துக்குள் நுழைய வழியே இல்லை. கோயில் இருபது நிமிடம் என்றால் மலையும் கோயிலோடு முடிந்துவிடுகிறது.

இவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. '1842-இல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைப் பற்றி முதலில் அறிக்கை தந்தார்' என்ற வரியை நீங்கள் பத்து இடத்திலாவது படித்திருப்பீர்கள். மன்றோ காலராவில் இறந்தது 1827 ஜூலையில். செத்துப் பதினைந்து வருடம் கழித்து அறிக்கை கொடுத்திருக்கிறார். சிரித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், என் 2019 குறிப்பிலும் அந்த வரி இருந்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறேன். வரலாற்றில் இந்தத் தப்பு நடந்தால் யாருக்கும் அடி படப்போவதில்லை. ஆனால் அதே கை 'மழை முடிந்த கையோடு போங்கள்' என்பதையும் காப்பி - பேஸ்ட் செய்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம், 1918-இல் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர் மாதிரியான பழைய புத்தகங்கள். ஆட்சி செய்ய வந்தவர்கள் வரி வாங்குவதற்காக எழுதியவை. மலைமக்களை அவை மேலிருந்து கீழே பார்க்கின்றன. புகழ்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் மழை, மண், காடு, பயிர், பாதை, மக்கள் என்று எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் வைக்க வேண்டும் என்ற ஒழுங்கு அவற்றில் இருந்தது. நாம் அந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'விலை' என்ற ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அப்படியானால் போகவே கூடாதா?

இல்லை. 'போகாதீங்க' கட்சியிலும் நான் சேரமாட்டேன். ஏற்காட்டில் பாதிக் கடைகள் நம்மை நம்பித்தான் இருக்கின்றன. டிசம்பரில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு பிப்ரவரியிலும் போகாமல் இருந்தால், அந்த மருமகளுக்கு மூன்று வாரம் மூன்று மாதமாகிவிடும். ஆன்டிகுவாவுக்கு நடந்தது அதுதான்.

என் வாதம் இவ்வளவே. புயலுக்குப் பிறகு விலை விழுவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, இடம் நன்றாகவே இருக்கிறது, மக்கள் பயந்து வரவில்லை. அப்போது போவது நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. இன்னொன்று, இடமே தளர்ந்திருக்கிறது. பாதை, தண்ணீர், மின்சாரம், ஆட்கள் எல்லாம் இழுத்துக்கட்டிய நிலை. அப்போது நம் கார் ஒரு சுமை. மண் அள்ளும் பொக்லைனுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிற கார். இரண்டு நிலையிலும் திரையில் தெரியும் எண் அதே 1500. விலையைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அதைப் பிரித்துச் சொல்வதுதான் வழிகாட்டியின் வேலை. அந்த வேலையைத்தான் நாங்கள் யாரும் செய்யவில்லை.

நண்பரிடம் டிசம்பரில் வேண்டாம் என்று சொன்னேன். கட்டிய பணம் போனது. கொஞ்ச நாள் என் மேல் வருத்தம்தான். பிப்ரவரியில் வழக்கமான வாடகைக்கே அம்மாவோடு போய் வந்தார்.

பழைய குறிப்பை நான் நீக்கவில்லை. தப்பு தெரியட்டும் என்று கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே இதைச் சேர்த்திருக்கிறேன்:

கடைசிப் பெருமழை என்றைக்குப் பெய்தது என்று பாருங்கள். பாதை மூடும் அளவுக்குப் பெய்திருந்தால், பாதை திறந்த அன்று போகாதீர்கள். நன்றாக வெயில் அடித்த இரண்டு வாரமாவது கழியட்டும். அந்த இடைவெளியில் மறுபடி கனமழை வந்தால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை மட்டும் எடுங்கள். நூறு இருநூறு கூட ஆகும். மழைக்காலத்தில் அதுதான் மலிவு.

விடுதிக்கு நேரடியாகப் போன் செய்து மூன்று கேளுங்கள்: எந்த வழியாக வண்டிகள் வருகின்றன, தண்ணீர் லாரியில் வருகிறதா குழாயில் வருகிறதா, வேலைக்கு எல்லோரும் வந்துவிட்டார்களா. மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

இருட்டிய பிறகு மலைப்பாதை வேண்டாம். மழை பெய்யும்போது கிளியூர் அருவிக்குப் படி இறங்க வேண்டாம்.

விலை குறைத்துத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மிச்சமானதில் ஒரு பகுதியை அறை கூட்டுபவர் கையில் கொடுங்கள். மலையில் விளைந்த காபித்தூளும் மிளகும் அங்கேயே வாங்குங்கள்.

சேர்வராயன் கோயில்: கட்டணம் இல்லை. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். இது மலையாளிகளின் சாமி, மலைக்கே பெயர் கொடுத்தவர். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.